தம்பி மேல் 355 கேஸ்: அபராதமா, சமூக சேவையா?

நெல்லை அக்கா:
வணக்கம். என் தம்பிக்கு 22 வயது, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். நண்பன் கல்யாணத்தில் குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் சத்தம் போட்டிருக்கிறான். ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு இரவே அனுப்பிவிட்டார்கள். இப்போது கோர்ட்டில் ஆஜராகச் சொல்லி சம்மன் வந்திருக்கிறது. சட்டைப்பையிலேயே வைத்திருந்து மடிப்பில் கிழிந்துவிட்டது, ஆனால் பேனாவால் எழுதிய 355 தெளிவாகத் தெரிகிறது. "அபராதம் கட்டினால் தண்டனை ஆகிவிடும், சமூக சேவை கேட்டால் கேஸே இருக்காது" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எதைக் கேட்பது?

பழைய டிரைவர்:
தங்கச்சி, தம்பி வண்டி ஓட்டினானா? அப்படியென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 185 வரும். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு.

நெல்லை அக்கா:
இல்லை அண்ணா, பஸ்ஸுக்குத்தான் நின்றிருக்கிறான்.

வக்கீல் குமாஸ்தா:
அப்படியானால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 355ஆம் பிரிவுதான், பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை கொடுப்பது. 24 மணி நேரம் வரை வெறுங்காவல் (கடும் உழைப்பு இல்லாத சிறை), 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், இல்லையென்றால் சமூக சேவை.

அந்த அண்ணன் சொன்னதை நம்பாதீர்கள் அம்மா. 2024 ஜூலை 1 முதல் சமூக சேவையும் சட்டத்தில் ஒரு தண்டனை. சம்பளம் இல்லாமல் பொதுமக்களுக்குப் பயன்படும் வேலை. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகுதான் அதைக் கொடுப்பார்கள். அபராதத்தைப் போலவே அதுவும் தண்டனைதான். எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று சட்டம் சொல்லவில்லை, மாஜிஸ்திரேட்தான் முடிவு செய்வார்.

வேலை பற்றிய பயம் இருந்தால் வேறு வழியும் கேட்டுப் பாருங்கள். 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், முன்பு தண்டனை இல்லாதவரை எச்சரித்து விடுவிக்கலாம். அப்படி விடுவித்தால், தண்டனையால் வரும் தகுதி இழப்பு கிடையாது என்கிறது அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு. ஆனால் குற்றம் செய்தான் என்ற முடிவு அழியாது. நாளைக்கு வேலை கிடைத்து விசாரணைப் படிவம் வந்தால் இதை மறைக்கவே கூடாது. மறைத்ததற்காகவே வேலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கு முன் வக்கீலிடம் பேசுங்கள். வசதி இல்லையென்றால் 15100க்கு அழையுங்கள், இலவச சட்ட உதவி எண்.

பழைய டிரைவர்:
2022இல் சென்னையில் பைக் சாகசம் செய்த ஒருவரை அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் வேலை செய்யச் சொன்னார்களே, அதுவும் தண்டனைதானே?

வக்கீல் குமாஸ்தா:
இல்லை அண்ணே, அது உயர் நீதிமன்றம் முன்ஜாமீனுக்குப் போட்ட நிபந்தனை. அதற்கும் தீர்ப்புக்கும் சம்பந்தமில்லை. இப்படிக் கலந்து கேட்டுத்தான் ஊரில் எல்லோரும் "சேவை செய்தால் கேஸ் இல்லை" என்கிறார்கள்.

நெல்லை அக்கா:
இன்று போய் வந்தோம். சட்ட உதவி வக்கீல் நன்னடத்தைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறார். பழைய கேஸ் ஏதும் உண்டா என்று ஸ்டேஷனில் கேட்டுச் சொல்ல அடுத்த மாதத்துக்கு வாய்தா. கிழிந்த சம்மனுக்குப் பின்னால் தம்பியே பசைத் தாள் ஒட்டிக் கொடுத்தான். அம்மா இன்றைக்குச் சாப்பிட்டார். ரொம்ப நன்றி அண்ணா.