மினி டேபிள் சா: பலா ரீப்பர் ஒரு முனை பருத்து வருது, ஓரம் கருகுது

ஓடம்போக்கி (திருவாரூர்)

ஆழித்தேர் மாடல் வேலை. அலங்காரத்தோட 96 அடின்னு சொல்ற தேரை அடிக்குக் கால் அங்குலம்னு எடுத்தா ரெண்டடி உயரம் வருது. இதுக்கு 3 மில்லி (மி.மீ.) கனத்துல, 300 மில்லி நீளத்துல பலா ரீப்பர் (மெல்லிசான மரச்சட்டம்) நிறைய வேணும். பலகை கனம் 12 மில்லி.

மெஷின் 775 மோட்டார், 24 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ் பவர் சப்ளை. பிளேடு 85 மில்லி, கூட வந்த 44 பல் எச்.எஸ்.எஸ் (அதிவேக எஃகு) ரகம். பிளேடை ஏத்தி இறக்கலாம். பலகையை ஒட்டித் தள்ற கைடு வெறும் மடிச்ச தகடு, முன்பக்கம் மட்டும்தான் திருகு.

தொல்லை என்னன்னா, ரீப்பர் முதல்ல வெட்டுப்படற முனையில 3.0, கடைசி முனையில 3.6. கைடுப் பக்க முகம் கருகுது. பாதி வெட்டுல மோட்டார் முனகுது. டேபிள்ல பிளேடு வெளிய வர்ற வாய்ல ரெண்டு பக்கமும் 5 மில்லி சந்து இருக்கறதால மெல்லிசான துண்டு உள்ளே விழுந்து மாட்டிக்குது. கைடும், அந்த வாயை மூடற வாய்த்தகடும் கையாலயே செஞ்சு போட்டாப் போதுமா, இல்ல மெஷினே சரியில்லையா?

வெண்ணாறு

எதையும் செய்யறதுக்கு முன்னாடி அளந்துடுங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு ஒரு பல்லுல மார்க்கர் வைங்க. அந்தப் பல்லை முன்னாடி டேபிள் மட்டத்துக்குக் கொண்டுவந்து கைடு வரைக்கும் அளங்க. அதே பல்லைக் கையால சுத்திப் பின்னாடி கொண்டுபோய் மறுபடி அளங்க. வேற பல்லுல அளந்தா பிளேடோட ஆட்டமும் கணக்குல சேந்துடும், ஒண்ணும் புரியாது.

அப்புறம் வெர்னியர் காலிப்பரை ஒரே இடத்துல வச்சுக்கிட்டு பிளேடை ஒரு சுத்து சுத்துங்க. எவ்வளவு ஆடுதுன்னு தனியா சொல்லுங்க.

ஓடம்போக்கி

ஒரே பல்லுல: முன்னாடி 20.0, பின்னாடி 19.5. பிளேடு ஆட்டம் 0.4.

குடமுருட்டி

0.4 அதிகம். ஆனா பயந்து பிளேடை மாத்திடாதீங்க. பிளேடைப் பிடிக்கிற பிளேஞ்ச் 20 மில்லி விட்டம்னு வைங்க, பிளேடு 85. பிளேஞ்சோட ஒரு ஓரத்துல 0.1 மில்லி பிசிறு இருந்தா பிளேடு ஓரத்துல அது நாலு மடங்கு, அதாவது 0.4. நாம எழுதற ஏ4 தாளோட கனமே கிட்டத்தட்ட 0.1தான். மரத்தூளும் பலாப் பிசினும் அந்த அளவுக்கு ஒட்டிக்கிறது ஒண்ணும் பெரிசில்ல.

பிளேஞ்சைக் கழட்டி, கண்ணாடி மேல 400 நம்பர் எமரித் தாளை விரிச்சு எட்டுப் போடற மாதிரி தேயுங்க. முகம் பூரா ஒரே பளபளப்பு வந்ததும் நிறுத்திடுங்க. பிளேடு ஓட்டையச் சுத்தி பிசிறு இருந்தா அதையும் எடுத்துடுங்க.

அதுக்கப்புறமும் ஆடினா கோளாறு, பிளேடை மோட்டார் தண்டுல மாட்டற அடாப்டர்லதான். மோட்டார் தண்டு 5 மில்லி. ஓட்டை கொஞ்சம் தளர்வா இருந்து ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) அமுக்கினா அடாப்டர் ஒரு பக்கமா ஒதுங்கும். பித்தளையில புதுசா கடைஞ்சுக்குங்க. ஓட்டையும் பிளேடு உக்கார்ற முகமும் ஒரே பிடிமானத்துல கடையணும், கழட்டி மாட்டினா போச்சு. நாச்சியார்கோவில் பக்கம் விளக்குக் கடைசல் பட்டறைன்னு போயிடாதீங்க. அவங்க கண்ணளவு அழகுக்குச் சரி, இதுக்கு மெஷின் பார்ட்ஸ் செய்யற லேத் வேணும்.

வெண்ணாறு

கைடு கதை இதுதான். பின்முனை 0.5 உள்ளே வாங்கியிருக்கு. மரம் உள்ள போகப் போக சந்து குறுகி, பிளேடோட பின்பல்லு ரீப்பரை உரசுது, கருகுது. பின்பக்கம் பூட்டு இல்லாததால மரம் ஆப்பு மாதிரி கைடை வெளியே தள்ளுது, அதான் கடைசி முனை 3.6. கருகல் கைடுப் பக்கம் இல்லாம மறுபக்கத் துண்டுல இருந்திருந்தா பின்முனை வெளியே விரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

40க்கு 40, 5 மில்லி அலுமினிய ஆங்கிள் ஒண்ணு வாங்குங்க. டேபிள் நீளத்தைவிட 40 மில்லி கூட இருக்கட்டும். முன்முனையில 120 மில்லி நீளக் குறுக்கு ஆங்கிளை டி மாதிரி ரெண்டு எம்5 போல்ட்ல மாட்டுங்க. ஒரு ஓட்டை சரியான அளவு, இன்னொண்ணை நீள ஓட்டையா அரத்தால ராவுங்க. அந்த நீள ஓட்டைதான் கோணம் திருத்தற இடம். பின்முனையில டேபிள் அடியைக் கவ்வற மாதிரி ஒரு துண்டும் எம்6 கைத்திருகும். முன்னாடி பூட்டிட்டு அப்புறம்தான் பின்னாடி. மாத்திப் பூட்டினா கோணம் இழுத்துக்கும்.

பின்முனையை ஒரு தாள் கனம் வெளியே வச்சு நிறுத்துங்க. அதுக்கு மேல வேண்டாம்.

கோரையாறு

பிளேடையும் பாருங்க. எச்.எஸ்.எஸ் பிளேடுல பல்லும் உடம்பும் கிட்டத்தட்ட ஒரே கனம். பலா மாதிரி மரத்தை நீளவாக்குல அறுத்தா உடம்பே உரசும். 12 மில்லி பலகைக்குள்ள 44 பல் பிளேடுல ஒரே நேரத்துல மூணு நாலு பல் நிக்கும், தூள் வெளியேற இடமில்ல. 24 பல் கார்பைடு பிளேடுல ரெண்டுதான். உடம்பு 1.0, வெட்டு (பல் அறுக்கற அகலம்) 1.7 இருக்கற மாதிரி காலிப்பர் வச்சு அளந்து வாங்குங்க. நஷ்டமும் உண்டு: பழைய பிளேடோட 1.1 வெட்டுல 100 மில்லி பலகைக்கு 24 ரீப்பர் வந்தா, 1.7 வெட்டுல 21தான் வரும். கருகினதை இழைச்சுத் தள்றதுக்கு அது தேவலை.

மோட்டார் முனகலுக்கு, வெட்டும்போது மோட்டார் முனையிலேயே வோல்ட் பாருங்க. 24 நிலையா இருந்து வேகம் விழுந்தா பளு பிளேடுல. 22க்குக் கீழே இறங்கினா ஒயர் இல்ல சப்ளை. 0.5 சதுர மில்லி ஒயர் ரெண்டு மீட்டர் போட்டிருந்தா 8 ஆம்பியர்ல அதுலயே ஒரு வோல்ட்டுக்கு மேல போயிடும். 1.5 போடுங்க.

இன்னொண்ணு, 3 மில்லி ரீப்பரை கைடுக்கும் பிளேடுக்கும் நடுவுல வெட்டாதீங்க. மாட்டினா அம்பு மாதிரி பின்னாடி பாயும். 608 பேரிங் ஒண்ணை ஒரு பலகைத் துண்டுல போல்ட் பண்ணி, பிளேடுக்கு இடப்பக்கம், முன்பல்லுக்கு 5 மில்லி முன்னாடியே நிறுத்துங்க. பக்கவாட்டுல பல்லுக்கும் பேரிங்குக்கும் 3 மில்லி. பலகையை பேரிங்ல தொட வச்சு கைடைப் பூட்டி வெட்டினா ரீப்பர் வெளிப்பக்கம் தானா விழும். பேரிங் பிளேடுக்கு நேரா வந்துடவே கூடாது, ரீப்பரை நசுக்கிடும்.

வெண்ணாறு

சரிதான், ஆனா ஒவ்வொரு வெட்டுக்கும் கைடு நகரும். பழைய தகடு கைடை வச்சுக்கிட்டு இதைச் செஞ்சா ஒவ்வொரு தடவையும் ஒரு கோணம். முதல்ல கைடு.

ஓடம்போக்கி

எமரி தேச்சதுல ஆட்டம் 0.1க்கு வந்துடுச்சு. வாய்த்தகடு அக்ரிலிக்ல போடலாமா? மரத்தை மேல வச்சுத் தள்ற சறுக்குப் பலகைக்கு, டேபிள் பள்ளத்துல ஓடற ரன்னர் எதுல?

குடமுருட்டி

அக்ரிலிக் சூட்டுல இளகி பல்லுல ஒட்டும். 3 மில்லி ஹைலம் (பிசின் ஏத்தின கெட்டித் தகடு) ஷீட் போடுங்க. பிளேடை முழுசா இறக்கி, தகட்டை உக்கார வச்சு, மேல ஒரு ரீப்பரைக் குறுக்கே போட்டு ரெண்டு கிளாம்ப்ல இறுக்குங்க. ஆன் பண்ணி பிளேடை மெதுவா ஏத்துங்க. கையால அமுக்கக் கூடாது. மூலைக்கு ஒரு எம்3 கிரப் ஸ்க்ரூ வச்சா மட்டம் திருத்தலாம். முன்னோரம் டேபிளைவிட மயிரிழை தாழ்வு, பின்னோரம் மயிரிழை உயரம்.

பிளேடுக்குப் பின்னாடி 1.2 மில்லி எஃகுத் தகட்டுல பிளவுக் கத்தி ஒண்ணு நிறுத்துங்க. உடம்பு 1.0க்கும் வெட்டு 1.7க்கும் நடுவுல இருக்கறதால மரம் மூடிக்காது. பழைய எச்.எஸ்.எஸ் பிளேடை மாட்டினா இதைக் கழட்டிடணும், 1.1 வெட்டுல இது நுழையாது.

ரன்னருக்கு மரம் போட்டா ஐப்பசி அடைமழையில ஊதிக்கும். நைலானும் ஈரம் குடிக்கும். சமையல்கட்டுல காய் நறுக்கற வெள்ளை எச்.டி.பி.இ பலகையை அறுத்துப் போடுங்க, அது தண்ணி குடிக்காது.

ஓடம்போக்கி

எல்லாம் மாட்டியாச்சு. இப்ப 3.0லேர்ந்து 3.1க்குள்ள நிக்குது, கருகல் இல்ல. மோட்டார்ல 23.4 வோல்ட். ஆனா கடைசி 15 மில்லியில மட்டும் ஒரு படி, 0.2 இருக்கும்.

கோரையாறு

ரீப்பர் பக்கமா தள்ளறீங்க. பலகையோட வால் பேரிங்கைத் தாண்டினதும் இடப்பக்கம் பிடிமானம் போயிடும், பலகை லேசா திரும்பும். தள்ளுகட்டை கைடுக்கும் பிளேடுக்கும் நடுவுல இருக்கற பெரிய துண்டு மேல மட்டும் நிக்கட்டும், கைடைச் சாஞ்சாப்பல தள்ளுங்க. ரீப்பரைத் தொடவே வேண்டாம். பலகை 25 மில்லி அகலத்துக்குக் குறைஞ்சதும் அதை ஒதுக்கிடுங்க, சக்கரத்துக் கடையாணிக்கு ஆகும்.