‘அப்புறம் சொல்றேன்’ என்று யாரும் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை

காது கேளாத பெற்றோரின் மகள், திருச்சி

என் அப்பாவுக்கு 61 வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுபது எழுபது பேர் இருந்த கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார். அவர் வாழ்க்கையில் பொதுக்கூட்டத்தில் கேட்ட முதல் கேள்வி அது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அம்மா, அப்பா இருவருக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. எனக்குக் கேட்கும். ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ், ஸ்கூல் பேரண்ட்ஸ் மீட்டிங் என்று எங்கே போனாலும் சின்ன வயதிலிருந்து நான்தான் நடுவில் நிற்பேன். எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது அம்மாவுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, “அம்மாகிட்ட சொல்லும்மா, கர்ப்பப்பையை எடுக்கணும்” என்றார். கர்ப்பப்பை என்றால் என்னவென்று எனக்கே தெரியாது. வயிற்றைத் தொட்டு, வெட்டுவது போலக் காட்டி, எடுத்துவிடுவார்கள் என்று சைகை செய்தேன். “எதை?” என்று அம்மா கேட்டாள். நான் முழித்தேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் எல்லோரும் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். அப்பா பக்கத்தில் இருப்பவர் முழங்கையைத் தொட்டு ‘என்ன?’ என்று கேட்பார். உடனே ஒரு உள்ளங்கை எழும்: பொறு, அப்புறம் சொல்றேன். அந்த அப்புறம் வராது. வந்தாலும் பத்து நிமிடப் பேச்சு ‘சும்மா, சினிமா பத்தி’ என்று இரண்டு சைகையில் முடிந்துவிடும். சித்தப்பா, அத்தை எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நானும் செய்திருக்கிறேன், பலமுறை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது காது கேளாதோருக்கான சட்ட உரிமை, அரசு உதவிகள் பற்றிய பயிலரங்கம். ஒரு பள்ளி மண்டபத்தில் நாற்காலிகளை லாட வடிவத்தில் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் எல்லோருடைய கையும் தெரிய வேண்டுமே. பயிற்சி நடத்தியவர் காது கேளாதவர். அவர் சைகை மொழியில் நடத்த, மொழிபெயர்ப்பாளர் முன்வரிசையில் மைக்கோடு உட்கார்ந்து, கேட்கிற எங்களுக்காகக் குரலில் சொன்னார். ஒரு நொடி தாமதமாகச் சிரிக்கிற கூட்டமாக அன்றைக்கு நாங்கள் இருந்தோம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்திலிருந்து ஆரம்பித்தார். இரண்டு காதிலும் கேட்கும் திறன் இழப்பு 70 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) இருந்தால் சட்டப்படி காது கேளாதவர்; இழப்பு 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். கேட்கும் திறனை அளந்து தரும் ஆடியோகிராம் தாளை எப்படிப் படிப்பது என்று சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். அப்பா முப்பது வருடமாக அந்தத் தாளைப் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருக்கிறார். அதில் இருப்பது என்னவென்று அன்றுதான் தெரிந்துகொண்டார். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம், அதில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் கேட்கும் திறன் குறைந்தோருக்கும் என்றபோது பின்வரிசைப் பையன்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சத்தமே இல்லாத அமளி அது.

அப்போதுதான் அப்பா எழுந்தார். வீட்டுக் கடனுக்குப் போனபோது, “காது கேட்கிற யாராவது கூடக் கையெழுத்துப் போட்டால்தான் தருவோம்” என்று ஒரு வங்கியில் சொன்னதை விவரித்து, அது சரியா என்று கேட்டார். சரியில்லை என்றார் பயிற்சியாளர். சொத்து வைத்துக்கொள்வதும், பணத்தைத் தானே நிர்வகிப்பதும், வங்கிக் கடன் பெறுவதும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை என்று அந்தச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்வதை வரிவரியாக விளக்கினார். அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார், அவரும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏழெட்டு நிமிடம் ஆனது. யாரும் உள்ளங்கையைக் காட்டவில்லை.

அந்த நேரம் முழுக்க எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. டீ குடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நான்கு வயதுக் குழந்தையின் தாய், திருநெல்வேலி

திருச்சி சகோதரி, உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் மறுபக்கம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்தக் குறை கிடையாது. என் மகளுக்குக் கேட்கவில்லை என்பதே இரண்டு வயதில்தான் தெரிந்தது. “பெண் பிள்ளை லேட்டாப் பேசும், அவ அப்பாவும் அப்படித்தான்” என்று பெரியவர்கள் சொன்னதை நம்பினேன். பிறந்த குழந்தை தூங்கும்போதே காதில் சின்னக் குமிழ் வைத்துப் பார்க்கும் ஓஏஇ பரிசோதனை இருக்கிறது, சந்தேகம் இருந்தால் அடுத்தது, சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இதுபோன்ற ஒரு பயிலரங்கத்தில் இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இப்படிப்பட்ட குறைகளைச் சின்ன வயதிலேயே கண்டு உதவும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் என்று ஒன்று இருப்பதையும் அங்கேதான் கேள்விப்பட்டேன்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மகளுக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வைத்தோம். செலவில்லாமல் நடந்தது. ஆனால் பேச்சுப் பயிற்சிக்குப் போன ஓர் இடத்தில், “கையை உபயோகிக்க விடாதீங்க, அப்புறம் பேச்சே வராது” என்றார்கள். பிள்ளை கையை நீட்டும்போதெல்லாம் பிடித்து மடியில் வைப்பேன். ஒரு வருஷம் அப்படிச் செய்தேன்.

பயிலரங்கத்தில்தான் முதன்முதலாக வளர்ந்த காது கேளாதவர்களைப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் நூறு வருஷத்துக்கு மேலாக காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. அதே ஊர்ப் பக்கம் வளர்ந்தும் ஒருவரோடுகூடப் பேசியதில்லை. தையல்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, காதல் கல்யாணம் செய்த ஒரு ஜோடி. மதுரை பாட்மிண்டன் வீராங்கனை ஜெர்லின் அனிகா 2022இல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் (காது கேளாதோருக்கான ஒலிம்பிக்ஸ்) மூன்று தங்கம் வாங்கியதைச் செய்தியில் பார்த்தபோது வராத தைரியம், அந்த அக்கா என் மகளுக்கு சைகைப் பெயர் வைத்தபோது வந்தது. கன்னத்தில் குழி விழும் இல்லையா, அங்கே விரலை வைத்துத் திருப்புவது. அதுதான் அவள் பெயர்.

இப்போது மிஷினும் போடுகிறாள், கையாலும் பேசுகிறாள். ‘அம்மா’ என்று வாயாலும் சொல்கிறாள். கையைப் பிடித்து வைத்த அந்த ஒரு வருஷத்துக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவள் புரிந்துகொள்ளும் வயது வரட்டும்.

பனியன் கம்பெனித் தொழிலாளி, காது கேளாதவர், திருப்பூர்

என் முதல் மொழி இந்திய சைகை மொழி. தமிழ் பிறகு படித்தது. சைகை மொழியில் ‘உன் பெயர்’ என்று காட்டிவிட்டு, ‘என்ன’ கடைசியில் வரும். கேள்வி என்பது புருவத்தில் தெரியும். தமிழ் இலக்கணம் வேறு. அதனால் “எழுதிக் காட்டினால் போதுமே” என்று காது கேட்கிறவர்கள் நினைப்பது சரியில்லை. நிறைய நண்பர்களுக்கு எழுத்துத் தமிழ் கஷ்டம்.

ஒரு பைக் விபத்து. தவறு எதிரே வந்தவர் மேல். ஸ்டேஷனில் அவர் பேசினார், நான் நின்றேன். ஒரு தாளில் எழுதி என்னிடம் காட்டினார்கள். பாதி புரிந்தது. கையெழுத்துப் போட்டேன். தவறு என்னுடையது என்று அதில் இருந்தது, பிறகு தெரிந்தது.

பயிலரங்கத்தில் மூன்று விஷயம் கற்றேன். புரியாத தாளில் கையெழுத்துப் போடாமல் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். மாற்றுத்திறனாளிக்கு இலவச வழக்கறிஞர் உண்டு, வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். காது கேளாதவர் என்ற ஒரே காரணத்துக்காக ஓட்டுநர் உரிமம் மறுக்கக் கூடாது, தேர்வில் தேறினால் கொடுக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. நான் வண்டி ஓட்டியது குற்றம் போல எல்லோரும் பார்த்தார்கள். குற்றம் இல்லை.

சட்டப் பணிகள் ஆணைக்குழுத் தன்னார்வலர், மதுரை

திருப்பூர் நண்பர் சொன்ன இலவச சட்ட உதவி, 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் இருக்கிறது. எந்த மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் எங்கள் அலுவலகம் உண்டு, வந்து கேளுங்கள். அதோடு, பேச முடியாத சாட்சி நீதிமன்றத்தில் சைகையிலேயே சாட்சி சொல்லலாம். அது வாய்மொழிச் சாட்சியாகவே எடுத்துக்கொள்ளப்படும். மொழிபெயர்ப்பாளர் உதவியோடு சொன்னால் வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 2013 திருத்தத்தில் வந்த இந்த விதி புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரோடு சைகை மொழியில் வாதாடியதை எங்கள் பயிலரங்கத்தில் வீடியோவில் காட்டினோம். ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி அதை மூன்று முறை போடச் சொன்னாள்.

எங்கள் முதல் கூட்டத்தில் நாங்கள் செய்த பிழைகளையும் எழுதிவிடுகிறேன், நடத்த நினைப்பவர்களுக்கு உதவும். நான்கு மணி நேரத்துக்கு ஒரே மொழிபெயர்ப்பாளரை வைத்தோம். இரண்டாவது மணியில் அவர் கை தளர்ந்துவிட்டது, கண்ணில் களைப்பு. இரண்டு பேர் வேண்டும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். திரையில் படம் போட விளக்கை அணைத்தோம். விளக்கை அணைத்தால் அங்கே பேச்சே நின்றுவிடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மொழிபெயர்ப்பாளருக்குப் பின்னால் ஜன்னல் வெயில், முகம் இருட்டு. மூன்று பக்கத் துண்டறிக்கை அடித்து எல்லோர் கையிலும் கொடுத்தோம். கூட்டம் முடிந்ததும் பாதிக்கு மேல் நாற்காலிகளிலேயே கிடந்தது. இப்போது அச்சடிப்பதில்லை. காது கேளாதவர் ஒருவரே சைகையில் விளக்கும் சின்னச் சின்ன வீடியோக்களை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அது எந்தெந்த ஊருக்கோ போய் எங்களுக்கே திரும்பி வருகிறது.

திருச்சி மகள், மறுபடியும்

அம்மாவைப் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்களுக்குத் தனியாக ஓர் அமர்வு. ஒரு பெண் மருத்துவர், பெண் மொழிபெயர்ப்பாளர், சுவரில் பெண் உடலின் பெரிய படம். நான் உள்ளே போகவில்லை. அம்மாதான், நீ வெளியே இரு என்று காட்டினாள்.

அன்று ராத்திரி வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் தன் வயிற்றிலிருந்து எதை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், அதற்குப் பிறகு மாதவிலக்கு ஏன் நின்றது, ஏதோ பெரிய நோயை எல்லோரும் தன்னிடம் மறைக்கிறார்கள் என்று தான் எத்தனை வருடம் பயந்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். படத்தில் இருந்ததை அப்படியே என் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினாள். நான் பதினோரு வயதில் சரியாகச் சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, தன் இடுப்பளவுக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினாள்: நீ அப்போது இவ்வளவுதான் இருந்தாய்.