மறு: ‘டேங்க் சைக்கிளிங்’ – சுழற்சியா, பழக்குதலா?

ஐயா, வணக்கம்ங்க.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘டேங்க் சைக்கிளிங்’ என்பதற்கு ‘நீர்ச்சுழற்சியூட்டல்’ என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். மூலச்சொல்லுக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் ஆக்சலாட்டில் (தண்ணீரிலேயே வாழும் ஒருவகை சாலமாண்டர்) வளர்ப்புக் கையேட்டில் அந்தச் சொல் இடம்பெற்றால் பிராணிதான் சாகும். கோவையில் புதிதாகத் தொட்டி வாங்கியவரிடம் ‘சுழற்சி முடிந்ததா?’ என்று கேட்டால், ‘மோட்டார் ராத்திரி பூரா ஓடுச்சுங்க’ என்பார். தண்ணீர் சுற்றுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிராணியை விடுமுன் வடிகட்டியில் பாக்டீரியாவை வளர்ப்பதுதான் இது.

கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவது குறைவாக இருக்கும்வரை தொந்தரவில்லை, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்த பாக்டீரியா வடிகட்டியின் பஞ்சில் குடியேறிப் பெருக 4 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அதை நம்பக்கூடாது.

ஆக்சலாட்டிலுக்குச் செதில் கிடையாது. தோல் வழியாக எதுவும் உள்ளே போகும். செவுளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது (‘புறச்செவுள்’ என்று முடிவானதில் எனக்கும் சம்மதம்). அமோனியா ஏறினால் முதல் அடி அங்கேதான். செவுள் இழைகள் சுருங்கும், வால்நுனி கொக்கியாக வளையும், தீனி எடுக்காது. அப்புறம் நலிந்த செவுளில் வெள்ளைப் பூஞ்சை. கடையில் மருந்து கொடுப்பார்கள். செம்பு கலந்த மீன் மருந்து இதன் தோலுக்கு ஆகவே ஆகாது, அது தனி வம்பு. நோய் தண்ணீரில் இருக்கும்போது மருந்து என்ன செய்யும்?

என் பரிந்துரை: ‘தொட்டி பழக்குதல்’. புது மண்சட்டியை வாங்கினதும் அடுப்பில் ஏற்றுகிறோமா? அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி வைத்துப் பழக்குகிறோம் அல்லவா? அவசரப்படாதே என்கிற எச்சரிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பழகிய தொட்டி, பழகாத தொட்டி என்று வாயில் சுலபமாக வருகிறது. ‘சுழற்சியூட்டப்பட்ட தொட்டி’ என்று எந்தப் பையன் சொல்வான்? இயற்கையில் நடப்பதற்குப் பாடநூலில் உள்ள ‘நைட்ரஜன் சுழற்சி’ அப்படியே இருக்கட்டும்.

திருப்பூரிலிருந்து,
அன்புடன்

————

தம்பி,

மண்சட்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யானையைப் பழக்குகிறோம், மாட்டை ஏருக்குப் பழக்குகிறோம். ‘பழக்குதல்’ என்றதும் பிராணியைத் தொட்டிக்குப் பழக்குவது என்று படிப்பவர் நினைக்கமாட்டாரா? ‘முதிர்த்தல்’ ஏன் ஆகாது? ‘முதிர்ந்த தொட்டி’ காதுக்கு இனிமையாகவும் இருக்கிறது. இன்னொன்று, கூழாங்கல்லை விழுங்கி வயிறு அடைத்துக்கொள்வதற்குப் பட்டியலில் ‘கல்லடைப்பு’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள். பார்த்தீர்களா?

————

ஐயா,

கல்லடைப்பு வேண்டவே வேண்டாம்ங்க. படிப்பவர் வாழைத்தண்டுச் சாறு கொடுத்துவிடுவார். ‘குடலடைப்பு’ போதும். இது வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுகிற பிராணி, சரளை இருந்தால் அதுவும் உள்ளே போகும். அதனால் அடியில் நைசான மணல், இல்லையென்றால் வெறும் கண்ணாடி என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

முதிர்த்தல் சரிவராது. முதிர்ந்தது மறுபடி பிஞ்சாகாது, பழக்கமோ விட்டுப்போகும். மூன்று வருடத் தொட்டியாக இருந்தாலும், பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கசக்கிக் கழுவினால் பாக்டீரியா செத்து, தொட்டி முதல் நாளுக்குப் போய்விடும். பிராணியைப் புதுத் தண்ணீருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயார் செய்வதை ‘இணக்குதல்’ என்று பிரித்துவிட்டால் உங்கள் குழப்பமும் தீரும்.

நம் பக்கத்துக்கு இரண்டு குறிப்புகள் அவசியம். சிறுவாணித் தண்ணீர் மென்னீர். பழக்கும்போது அமிலம் சேர்ந்து காரத்தன்மை இறங்கினால் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். போர் தண்ணீரில் அந்தப் பயம் குறைவு, ஆனால் காரமும் சூடும் ஏற ஏற அதே அளவு அமோனியா கூடுதலாகக் கொல்லும். எந்தத் தண்ணீர் என்று தெரிந்துகொண்டு சோதிக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது வெயில். பாக்டீரியா பெருகுவதற்கு நம் சித்திரைச் சூடு தோதுதான், காலித் தொட்டியை அப்போது பழக்கலாம். ஆக்சலாட்டிலோ மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிப் பிராணி. 16 முதல் 18 டிகிரி அதற்குச் சுகம், 24-ஐத் தாண்டினால் உடம்பு கெடும். மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கலாம். ஈரோட்டு மே மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? குளிர்விப்பான் வாங்க வசதியில்லாதவர் இந்தப் பிராணியை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. கையேட்டில் இதைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

பட்டியலுக்கான வரைவு:

தொட்டி பழக்குதல் – பிராணியை விடுமுன், அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவை வடிகட்டியில் வளர்த்தெடுத்தல். காலித் தொட்டியில் அமோனியா விட்டால், ஒரு நாளுக்குள் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் தெரிய வேண்டும். அதுவே பழகிய தொட்டி. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசவும்.