வெள்ளி மெதுவாகச் சுழல்வதால்தான் அதற்குக் காந்தப்புலம் இல்லையா?

கேள்வி (மன்னார்குடி):
வெள்ளி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 243 நாள்கள் ஆவதால் அதற்குச் சொந்தக் காந்தப்புலம் இல்லை என்றுதான் ஒன்பதாம் வகுப்பில் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, "புதனுக்கும் 59 நாள் ஆகிறதே சார், அதற்கு மட்டும் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். நல்ல வேளையாக மணி அடித்தது. தற்சுழற்சிக்கும் காந்தப்புலத்துக்கும், அவற்றுக்கும் உயிர் வாழ்வதற்கும் உள்ள தொடர்பை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (வேதாரண்யம்):
மாணவி கேட்டது சரியான கேள்வி, ஐயா. மரைனர் 10 விண்கலம் 1974இல் புதனில் கண்ட புலம் பூமியினுடையதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஆனாலும் அது கோளின் உள்ளிருந்தே பிறப்பது.

பூமியில் 2,900 கி.மீ. ஆழத்துக்குக் கீழே, கருவம் எனப்படும் மையப் பகுதியில், உருகிய இரும்பு, வெப்பச்சலனத்தால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. மின்சாரத்தைக் கடத்தும் அந்த ஓட்டம்தான் புலத்தை உண்டாக்குகிறது; சுழற்சி அந்த ஓட்டத்தை வளைத்து, அச்சுக்கு இணையான புரிகளாகத் திரிக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதியில் கரையைக் கடந்த இரவில், முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று சற்றே ஓய்ந்து, பின்னர் தெற்கிலிருந்து திரும்பி அடித்ததில், ஒரே தோப்பின் தென்னைகள் எதிரெதிர்த் திசைகளில் விழுந்து கிடந்தன. தாழ்வு மையத்துக்குள் நேராகப் பாய வேண்டிய காற்றை அவ்வாறு சுற்றவைத்த, பூமியின் சுழற்சியால் எழும் கோரியோலிஸ் விளைவே பூமியின் கருவத்திலும் செயல்படுகிறது. புயலுக்கு ஆற்றல் கொடுத்தது கடலின் வெப்பம்; சுழற்சி கொடுத்தது அதன் வடிவத்தை.

கருவத்தில் இரும்பு நகர்வதோ ஆண்டுக்குச் சில பத்து கி.மீ. மட்டுமே. அத்தனை மந்தமான ஓட்டத்தை வளைக்க வெள்ளியின் சுழற்சியே போதும் என்பதால், அதன் கருவம் போதிய வேகத்தில் வெப்பத்தை இழக்காமல் சலனம் அடங்கியிருப்பதே காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். செவ்வாயையும் பாருங்கள்: 24 மணி 37 நிமிடத்தில் ஒரு சுற்றை முடித்தும் இன்று அதற்குக் கோள் முழுவதும் பரவிய புலம் இல்லை, பழைய பாறைகளில் எச்சம் மட்டும் இருக்கிறது.

பதில் (கும்பகோணம்):
காந்தப்புலம் இல்லாவிட்டால் சூரியக் காற்று (சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்னூட்டத் துகள்கள்) வளிமண்டலத்தை அடித்துக்கொண்டு போய்விடும் என்று எழுதுவதும் மிகைதான். புலமே இல்லாத வெள்ளியின் தரையில் காற்றழுத்தம் பூமியைப்போல் சுமார் 90 மடங்கு. அது பறிகொடுத்தது நீரிலிருந்த ஹைட்ரஜனை. சுழற்சி உயிரை நேரடியாகத் தொடுவது பகலின் நீளத்தில் என்பேன். வெள்ளி எதிர்த்திசையில் சுழன்றபடியே சூரியனையும் சுற்றுவதால், அங்கே ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 243 அல்ல, 117 பூமி நாள்கள்தான். நம் குறுவையை விதைத்து அறுத்துவிடலாம். ஆனால் பயிரின் பாதிக்காலம் இருட்டில் போகும்.

கேட்டவர்:
குறுவைக் கணக்கை வகுப்பில் சொல்லப்போகிறேன். அவ்வளவு நீண்ட இரவில் வெள்ளி குளிர்ந்துவிடாதா?

பதில் (கும்பகோணம்):
குளிராது, ஐயா. அடர்ந்த கரியமில வாயு போர்வையாக இருப்பதால் இரவிலும் தரை வெப்பநிலை 460 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும்.