மொட்டை மாடியில குவாட் ஸ்கேட்: எந்த வீலு, எந்த பீட்டு?

புளியந்தோப்பு_பீட்டு:
ஏரியா பசங்க ஆறு பேர் குவாட் ஸ்கேட்ல (முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டுன்னு நாலு வீல் வச்ச ஷூ) குரூப் டான்ஸ் ட்ரை பண்றோம். ரிங்க், அதாவது ஸ்கேட்டிங்குக்குன்னே போட்ட தளம், கிடையாது. கிரவுண்டு சிமெண்டுத் தரை, இல்லன்னா தட்டோடு பதிச்ச மொட்டை மாடி. வீல் தடதடன்னு அதிருது. மழை முடிஞ்சதிலிருந்து பேரிங் கரகரங்குது. ஹிப்ஹாப் போட்டா கால் சேருது, கானா போட்டா ஆளுக்கொரு பக்கம் போறாங்க. எங்க தப்பு?

பேரிங்_பொட்டி:
அதிருறது வீலு கெட்டியா இருக்கறதால. வீலோட கெட்டித்தன்மைக்கு நம்பர் உண்டு, நம்பர் ஏற ஏற கெட்டி. 95ஏ, அதுக்கு மேல எல்லாம் மொசைக், மரத்தரைக்கு. உங்க சிமெண்டுக்கு 78ஏ, 62லிருந்து 65 மிமீ விட்டம் போடுங்க. தட்டோட்டு மாடியை விட்டுடுங்க: ஓட்டு இணைப்புல வீல் தட்டும், கைப்பிடிச் சுவர் குட்டையா இருந்தா உயிருக்கே வம்பு, கீழ்வீட்டுக்காரர் சண்டை தனி.

பேரிங் பெரும்பாலும் 608ங்கற சைஸ்தான்: உள்ளே 8, வெளியே 22, அகலம் 7 மிமீ. ஒரு ஜோடிக்கு எட்டு வீல், பதினாறு பேரிங். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காத்துல இரும்பு மூடி வச்சது சீக்கிரம் துருப்பிடிக்கும். கடையில 608 டூ ஆர்எஸ்னு கேளுங்க, ரெண்டு பக்கமும் ரப்பர் சீல். கொஞ்சம் மெதுவாத்தான் சுத்தும், ஆனா தூசி, தண்ணி லேசுல உள்ளே போகாது.

புளியந்தோப்பு_பீட்டு:
இருக்கறதை காப்பாத்த முடியாதா? தேங்காண்ணெய் விட்டோம்.

பேரிங்_பொட்டி:
அதான் பிசினாயிருக்கு. ரப்பர் சீலை குண்டூசியால ஓரத்துல நெம்பி எடுங்க. மண்ணெண்ணெயில ஊறவச்சு, சுத்தி விட்டு, துணியில உதறி முழுசா காயவிடுங்க. அப்புறம் தையல் மெஷின் ஆயில் ரெண்டே சொட்டு. நிறைய விட்டா தூசி ஒட்டும். கழுவியும் விரல்ல கரகரன்னு தெரிஞ்சா உள்ளே குழி விழுந்திருக்கு, தூக்கிப் போடுங்க. வீல் நட்டை இறுக்கிட்டு, கொஞ்சம் திருப்பி விடுங்க. வீல் மயிரிழை ஆடணும். ஆடலைன்னா பேரிங் சிக்கும்.

தண்டையார்பேட்டை_தாளம்:
கால் பிரச்சினைக்கு வரேன். ஹிப்ஹாப் நாலு எண்ணிக்கை. 92 பிபிஎம் (நிமிஷத்துக்கு 92 பீட்டு) பாட்டுல ரெண்டு பீட்டுக்கு ஒரு தள்ளுன்னா ஒரு தள்ளுக்கு 1.3 செகண்ட் வரும், புதுசா கத்துக்கறவனுக்கு அது போதும். நிறைய கானா ஆறு எண்ணிக்கையில ஓடும். அதுல நாலா எண்ணி கால் மாத்தினா மூணாவது தள்ளுலயே இடிச்சுக்குவீங்க. 1லயும் 4லயும் மட்டும் எடையை மாத்துங்க. முதல்ல ஸ்கேட் இல்லாம, வெறுங்கால்ல, ஆறு பேரும் வாயால எண்ணிட்டே.

டிரக் (ஷூவுக்கு அடியில வீல் அச்சைத் தாங்கற பாகம்) நட்டை அரை அரைத் திருப்பா தளர்த்திப் பாருங்க, வளைய சுலபமா இருக்கும். ரொம்ப விட்டா வேகத்துல ஆட்டம் கொடுக்கும். விழறப்போ விரலை மடக்கிக்கோங்க, பின்னாடி வர்றவன் வீல் ஏறாம இருக்கும். மணிக்கட்டு கார்டு இல்லாம யாரையும் ஏத்தாதீங்க.

ராயபுரம்_ரோலர்:
ஒண்ணு சேர்த்துக்கறேன். அமெரிக்காவுல ரிங்க்ல கறுப்பின மக்களுக்கு வாரத்துல ஒரு ராத்திரிதான்னு இருந்த காலம் உண்டு. அந்த ராத்திரிகள்ல ஊருக்கு ஊர் தனித் தனி ஸ்டைல் வந்துச்சு. சிகாகோவோடது ஜேபி, ஜேம்ஸ் பிரவுன் பாட்டுக்கு ஆடறது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல காம்ப்டன்ல ஸ்கேட்லேண்டுனு ஒரு ரிங்க், அங்கே 1980களோட பாதியில ராப் கச்சேரியும் நடந்துச்சு. தரையும் பாட்டும் அந்தந்த ஊரோடது, அதான் ஸ்டைலும் அந்த ஊரோடது. யூடியூப்பைப் பார்த்து சிகாகோ காலைக் காப்பி அடிக்காதீங்க, அது வழவழன்னு இருக்கற மரத்தரையில சறுக்கற கால். சொரசொர சிமெண்டுல சறுக்காது, முட்டி போகும். கானா ஆறை வச்சு உங்க காலை நீங்களே கட்டுங்க.

புளியந்தோப்பு_பீட்டு:
நோட்டட் தல. 78ஏ எட்டு வீல் ஒரு ஜோடிக்கு மட்டும் வாங்கி மாத்தி மாத்திப் பார்க்கறோம். டூ ஆர்எஸ் பதினாறு.

பேரிங்_பொட்டி:
இருபதா வாங்குங்க. மாட்டறப்போ ரெண்டு மூணு சீல் நசுங்காம போகாது.