மறு: டீசல் தொட்டியின் ‘வென்ட்’ குழாய்க்குத் தமிழ்ச்சொல் (திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது)

மண்டபம், வகுப்பாசிரியர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்குப் படகு எஞ்சின் பராமரிப்பு சொல்லித் தருகிறேன். அவர்கள் பழகுவதற்கு டீசல் எஞ்சின் வைத்த பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. அதில் டீசல் நிரப்புவதே பெரும்பாடாக இருக்கிறது. கொஞ்சம் வேகமாக விட்டால் நிரப்பும் குழாயின் வாய் வழியே திரும்பிப் பீச்சியடித்து முகம், சட்டை, கடல் எல்லாவற்றிலும் விழுகிறது. மெதுவாக விட்டால் பொழுது போய்விடுகிறது. இதையே ஒரு பாடமாக எழுதித் திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

தொட்டிக்குள் டீசல் இறங்க இறங்க, அங்கே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். அதற்காகத் தொட்டியின் தலையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பிப் படகின் பக்கவாட்டில் போய்த் திறக்கிறது. நிரப்பும் குழாய் 38 மி.மீ. என்றால் இது 16 மி.மீ. இருக்கும். இது அடைத்துக்கொண்டால் காற்று டீசல் இறங்கும் குழாயிலேயே ஏறி, டீசலையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஆங்கிலத்தில் ‘வென்ட்’ என்னும் இந்த மெல்லிய குழாய்க்குத்தான் சொல் கேட்கிறேன்.

படகுத்துறையில் ‘ஏர் பைப்’ என்கிறார்கள். ‘காற்றுக்குழாய்’ என்று எழுதலாம் என்றால், எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயையும் பிள்ளைகள் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். “காற்றுக்குழாயைக் கழற்று” என்றதும் பாதிப் பேர் எஞ்சின் பக்கம் போய்விடுகிறார்கள். திரும்பித் தெறிப்பதற்கும் ஒரு சொல் வேண்டும்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

‘காற்றுப்போக்கி’ என்று போடுங்கள். சுருக்கம், தெளிவு, புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை. தெறிப்பதற்கு ‘எதிர்த்தெறிப்பு’. தொட்டியை மட்டும் ‘எரிபொருட்கலம்’ ஆக்கிவிட வேண்டுகிறேன்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

தம்பிக்கு வாழ்த்துகள். புதிதாக ஆக்க வேண்டியதில்லை. மலைபடுகடாம் என்னும் சங்க நூலில் கூத்தர் சுமந்து போகும் இசைக்கருவிகளை அடுக்கும் இடத்தில் ‘களிற்று உயிர்த் தூம்பு’ வருகிறது. யானை மூச்சு விடுவதைப் போல ஒலிக்கும் நெடுவங்கியம் என்னும் ஊதுகுழல் அது. உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். நெட்டுயிர்ப்பு என்று பெருமூச்சைச் சொல்கிறோம் அல்லவா? தூம்பு என்றால் உள்ளே துளையுள்ள குழல். இரண்டையும் சேர்த்து ‘உயிர்த்தூம்பு’ என்றால் தொட்டி மூச்சு விடும் குழல் என்று பொருள் தானே வந்து நிற்கிறது.

தூம்பு உங்கள் மாவட்டத்துக்கும் அந்நியமான சொல் இல்லை. பாண்டி நாட்டுக் கண்மாய்களில் நீர் திறந்துவிட வைத்தது குமிழித்தூம்பு. அதில் தண்ணீர் போக நீரோடித்துளை, வண்டல் போகச் சேறோடித்துளை என்று தனித்தனியாக வைத்தார்கள். ஒரே அமைப்பில் இரண்டு பொருளுக்கு இரண்டு வழி. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று இராஜசிங்கமங்கலத்தைச் சொல்லும் ஊர்க்காரர்களுக்கு, ஒன்று வர ஒன்று போக வேண்டும் என்பதை நாம் சொல்லித்தர வேண்டுமா? இந்தப் பக்கம் மடை, கலுங்கு, தூம்பு, குமிழி என்று ஒவ்வொரு திறப்புக்கும் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு எல்லாவற்றையும் ‘குழாய்’ என்று சொல்லப் பழகிவிட்டோம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். ‘எரிபொருட்கலம்’ படகுக்குள் ஆகாது. கலம் என்பது பாண்டம். மரக்கலம் என்னும்போது கப்பல். கலத்துக்குள் கலம் வைத்துப் பாடம் எழுதினால் மாணவன் எதைத் திறப்பான்?

தொண்டி, டீசல் மெக்கானிக்:

ஐயா சொன்னதைப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் சொல்லை முடிவு பண்ணும் முன்னால் அந்தக் குழாய் செய்யும் வேலையை முழுசாகப் பார்க்க வேண்டும். சென்னை சார் சொல்லும் ‘போக்கி’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. நிரப்பும்போது காற்று வெளியே போகிறது, சரி. எஞ்சின் ஓடும்போது டீசல் குறையக் குறைய அதே குழாய் வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் டீசலை இழுக்கத் திணறி, எஞ்சின் நடுக்கடலில் அணைந்துவிடும். கரையில் மெதுவாக நிரம்பியதும் கடலில் எஞ்சின் நின்றதும் ஒரே அடைப்பால் என்று பையனுக்குத் தோன்ற வேண்டும். ‘போக்கி’ என்று படித்தவனுக்கு அது தோன்றாது. ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பான்.

பாடத்தில் சோதனை முறையைச் சரியான வரிசையில் எழுதுங்கள். முதலில் வெளித்துளை. அதில் உப்பு படிந்திருக்கும், பெயிண்ட் அடிக்கும்போது சேர்த்துப் பூசியிருப்பார்கள், இல்லாவிட்டால் குளவி மண் வைத்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளிலும் இதைப் பார்க்கலாம். துளையில் கம்பி வலை இருந்தால் அதையும் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால், தொட்டிப் பக்கம் அந்த மெல்லிய குழாயைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் டீசல் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் கோளாறு அந்தக் குழாயில். அப்போதும் கக்கினால் நிரப்பும் குழாயைப் பாருங்கள். மடிந்திருக்கும், அல்லது சாய்வே இல்லாமல் படுத்துக் கிடக்கும்.

பாய்மரப் படகில் இந்த மெல்லிய குழாயை இருக்கைக்கு அடியிலும் பெட்டிக்குப் பின்னாலும் வளைத்து வளைத்துக் கொண்டுபோவார்கள். ஓரிடத்தில் தொய்ந்தால் போதும், அந்தப் பள்ளத்தில் டீசல் தேங்கிக் காற்றை மறிக்கும். கண்ணுக்கு அடைப்பே தெரியாது. தொட்டியிலிருந்து மேல்நோக்கியே ஏற வேண்டும். வெளித்துளைக்கு முன்னால் உயரமாக ஒரு வளைவு வேண்டும். படகு சாய்ந்தோடும்போது கடல் தண்ணீர் உள்ளே வராமல் அதுதான் காக்கும்.

இன்னொன்று, கொட்டை எழுத்தில் போடுங்கள். குழாய் தொட்டியோடு சேர்ந்திருக்கும்போது கம்ப்ரசர் காற்று அடிக்கவே கூடாது, தொட்டி வீங்கிப் பிளந்துவிடும். இரண்டு பக்கமும் கழற்றிவிட்டுத்தான் ஊத வேண்டும்.

பெயர் என்றால், மூச்சுக்குழாய். மூச்சு இரண்டு பக்கமும் போகும்.

கீழக்கரை, உயிரியல் ஆசிரியை:

அண்ணன் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மூச்சுக்குழாய் என்பது எங்கள் பாடத்தில் தொண்டையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய். தேர்வில் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லும் சொல். அதே பிள்ளைகள்தான் உங்கள் வகுப்புக்கும் வருகிறார்கள். ‘தொட்டி மூச்சுக்குழாய்’ என்று முன்னொட்டு சேர்த்தால் குழப்பம் வராது. உயிர்த்தூம்பு அழகான சொல்தான் ஐயா. ஆனால் எங்கள் ஊரில் தூம்பு என்றால் தண்ணீர் போகும் வழி என்றுதான் நினைப்பார்கள். டீசல் வடியும் குழாய் என்று எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

தெறிப்பதற்கு ‘எதுக்களிப்பு’ என்று நான் சொல்வேன். குழந்தை குடித்த பால் வயிற்றில் தங்காமல் மேலே வருவதைத் தாய்மார்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். தெறிப்பு என்றால் எங்கேயோ பட்டுச் சிதறுவது. இங்கே உள்ளே போனதே திரும்பி வருகிறது.

மதுரை, பேராசிரியர்:

எதுக்களிப்பு! அம்மாவுக்கு என் பாராட்டு. எதிர்க்களித்தல் என்பதே பேச்சில் எதுக்களித்தல் ஆகியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. வாந்தியை ‘எதிரெடுத்தல்’ என்பதோடு ஒப்பிடுங்கள். இந்தக் குடும்பத்துச் சொற்களுக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பாருங்கள். குமட்டல் உணர்ச்சி மட்டும். எதுவும் வெளியே வராது. ஓங்கரித்தல் முயற்சி, அதிலும் வராமல் போகலாம். கக்கல், உள்ளே இருந்ததை வேகமாக வெளியே தள்ளுவது. உள்ளே போய்த் தங்காமல் வந்த வழியே ஏறுவதுதான் எதுக்களிப்பு. தொட்டிக்குள் சேராமல் குழாயிலேயே திரும்பும் டீசலுக்கு இதைவிடப் பொருத்தமாக எது இருக்கும்? இதே முறையில் ‘உமிழ்’ என்பதையும் ஆராயலாம்; எழுதத் தொடங்கினால் நீளும், தனி மடலில் அனுப்புகிறேன்.

ஆனால் தூம்பு பற்றிய தடையை நான் ஏற்கவில்லை. ஒரு சொல் தெரியவில்லை என்பதற்காகக் கைவிட்டுக்கொண்டே போனால் கடைசியில் எது மிஞ்சும்? வகுப்பு என்பது தெரியாததைத் தெரிந்துகொள்ளும் இடம்தானே.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

மருத்துவச் சொல்லை இயந்திரத்துக்குக் கொண்டுவந்தால் நாளை ‘தொட்டிக்கு அசீரணம்’ என்றும் எழுதுவார்கள். கலைச்சொல் துறைக்குத் துறை தனித்து நிற்க வேண்டும். அதோடு ‘டீசல்’ என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டு விட்டோமா? ‘கல்நெய்’ என்பதைப் பரிசீலிக்கலாமே?

தொண்டி, டீசல் மெக்கானிக்:

சார், கோபித்துக்கொள்ள வேண்டாம். டீசல் என்பது அந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலின் பெயர். 1893-இல் காப்புரிமை வாங்கிய மனிதரின் பெயர் அப்படியே இருக்கட்டும். பங்க்கில் போய் ‘கல்நெய்’ கேட்கிற பையனுக்கு யார் ஊற்றுவார்கள்?

துறை தனித்து நிற்க வேண்டும் என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. படகில் வேலை செய்பவர்கள் ஏற்கெனவே ‘தொட்டி கக்குது’, ‘எஞ்சின் இருமுது’ என்றுதான் பேசுகிறார்கள். உடம்பை வைத்து எஞ்சினைப் புரிந்துகொள்வது அவர்கள் வழி. அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிற சொல்தான் தங்கும்.

பாம்பன், படகுக்காரர்:

நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. ஒரு விஷயம் விட்டுப்போகிறது. மேற்கிலிருந்து காற்றடிக்கும் கச்சான் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் நங்கூரத்தில் நிற்கும் படகு ஆடிக்கொண்டே இருக்கும். அப்போது நிரப்பினால் எந்தக் குழாயில் அடைப்பு இல்லாவிட்டாலும் டீசல் அலைந்து மேலே வரும். வடகடல் (பாக் நீரிணை) பக்கம் அமைதியாக இருக்கும் நாளில் நிரப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் கோளாறு தேடுங்கள். டீசல் நுரைக்கும், பங்க் குழாயை முழு வேகத்தில் திறந்தால் நுரையே வாயை அடைத்துவிடும். மெதுவாகத் திறந்து, முழுசாக நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டால் பாதிச் சிக்கல் தீரும். அந்த உயர வளைவுக்கு அன்னக்கழுத்து, கொக்குக்கழுத்து என்றெல்லாம் பெயர் வைக்காமல் ‘மேல்வளைவு’ என்றே போட்டுவிடுங்கள்.

மண்டபம், வகுப்பாசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை அச்சகத்துக்குப் போக வேண்டும் என்பதால் இப்படி எழுதிக்கொண்டேன்: தொட்டி மூச்சுக்குழாய், அதன் வெளிவாய்க்கு மூச்சுத்துளை, மேல்வளைவு, எதுக்களிப்பு. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘ஏர் பைப்’ என்று பக்கத்தில் சேர்க்கிறேன். தொட்டியும் டீசலும் அப்படியே இருக்கின்றன. படத்தில் மூச்சுக்குழாய்க்கு இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டிருக்கிறேன், ஒன்று நிரப்பும்போது, மற்றொன்று எஞ்சின் ஓடும்போது. கம்ப்ரசர் எச்சரிக்கை முதல் பக்கத்தில் வருகிறது. உயிர்த்தூம்பைப் பின்னிணைப்பில் ஐயா தந்த விளக்கத்தோடு சேர்க்கிறேன்.

மதுரை, பேராசிரியர்:

பின்னிணைப்பில் இடம் தந்ததற்கு நன்றி தம்பி. அடுத்த பதிப்பில் அதை உள்ளே கொண்டுவரக் கேட்பேன். ‘உயிர்த்தூம்பு’ என்று ஒற்று மிகுத்தே அச்சிடுங்கள். பிழைதிருத்துபவர் ‘த்’தை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

முடிவை மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. என் சொற்பட்டியலில் ‘காற்றுப்போக்கி’ நீடிக்கும். காற்று உள்ளே வருவது பற்றித் தொண்டி நண்பர் எழுப்பிய கேள்விக்கு, ‘போக்குவரத்து’ என்னும் சொல்லில் ‘வரத்து’ இருப்பதை வைத்து ஒரு வழி இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.