கடும் ஹெப்படைட்டிஸ் பயாப்சியில் சிரோசிஸ் என்று எழுதுமுன்

வைரஸ் ஹெப்படைட்டிஸ் (கல்லீரல் அழற்சி) முற்றி வரும் கல்லீரல் திசு ஸ்லைடுகளில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. செல்கள் செத்துச் சரிந்த இடத்தைப் பழைய தழும்பு, அதாவது சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி முடிச்சு முடிச்சாகும் நாள்பட்ட நோய்) என்று படித்துவிடுகிறோம். கல்லீரல் செல்கள் கூட்டமாக அழிந்ததும் அவற்றைத் தாங்கிய ரெட்டிகுலின் என்னும் நுண் இழை வலை தொய்ந்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரெட்டிகுலின் சாயத்தில் அது அடர்ந்த கறுப்புப் பட்டையாகத் தெரியும். பிழைத்த செல்கள் நடுவே திட்டுத்திட்டாகப் பெருகி நிற்பதால் பார்வைக்கு அப்படியே சிரோசிஸ்தான்.

ஆகவே மேசன் டிரைக்ரோம், ஆர்சீன் ஆகிய இரு சாயங்களும் கட்டாயம் போடுங்கள். புதுச் சரிவு டிரைக்ரோமில் வெளிறிய நீலம், முதிர்ந்த தழும்பு அடர்நீலம். ஆர்சீன் இன்னும் தெளிவாகச் சொல்லும்: அது பழுப்பாகக் காட்டும் எலாஸ்டிக் (மீள்) இழைகள் உருவாக மாதங்கள் பிடிக்கும் என்பதால் புதுச் சரிவில் பழுப்பு இழை இராது, ரத்தக்குழாயும் பித்தநாளமும் ஓடும் போர்ட்டல் பகுதியில் மட்டும் இருக்கும். தவறாகச் சிரோசிஸ் என்று எழுதினால் கல்லீரலின் திடீர்ச் செயலிழப்பு அறிக்கையில் நாள்பட்ட நோயாகிவிடும். அவசர மாற்று அறுவை பற்றிய முடிவே திசைமாறலாம்.

*

மேலே சொன்னதோடு, திசு கைக்கு வரும் விதத்தையும் கவனிக்க வேண்டும். ரத்தம் உறையாத நிலையில் கழுத்துச் சிரை வழியாகத்தான் எடுப்பார்கள். துண்டு மெலிந்து நொறுங்கியே வரும். உடனே, திசு கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப் போல் 10 மடங்குக்குக் குறையாமல் போடுங்கள். கேசட்டில் (திசு வைக்கும் சிறு பெட்டி) ஸ்பாஞ்சு வேண்டாம், அது அழுத்திய இடமெல்லாம் முக்கோண ஓட்டை விழும், வடிதாள் போதும். 3–4 மைக்ரான் வெட்டுகளில் சாயமேற்றாத ஸ்லைடுகள் சிலவற்றை முதல் தடவையே எடுத்து வைத்துவிடுங்கள். திசு பதித்த மெழுகு பிளாக்கைத் திரும்ப மைக்ரோடோமில் (சீவும் கருவி) ஏற்றிச் சீவினால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும்.

இன்னொன்று, நசிவு (செல்கள் செத்தழிவது) எல்லா இடத்திலும் ஒரே அளவில் இராது. ஒரு ஊசித் துண்டை வைத்து "70 சதவீதம் அழிந்தது" என்று முழுக் கல்லீரலுக்கும் கணக்குச் சொல்லக் கூடாது.

*

ஹெர்ப்பிஸ் வைரஸை மறக்க வேண்டாம். நசிவு கல்லீரல் நுண்மடலின் எந்த மண்டலத்துக்கும் கட்டுப்படாமல் குத்தியெடுத்தது போல இருந்து, சுற்றிலும் அழற்சிச் செல்கள் அரிதாக இருந்தால் நசிவின் விளிம்பில் தேடுங்கள். நடுவில் செத்தவை வெறும் நிழல். விளிம்பில்தான் கண்ணாடி மங்கியது போன்ற உட்கரு, அதன் குரோமட்டின் (மரபுப்பொருள்) ஓரத்துக்கு ஒதுங்கி நிற்கும். பார்த்தவுடன் வார்டுக்கு ஃபோன் செய்யுங்கள். ஹெர்ப்பிஸுக்கான மருந்தான அசைக்ளோவிர் தொடங்க எழுத்து அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது.

அதிவேக ஹெப்படைட்டிஸ் பி-யில் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் (புரதம்) தேடும் சாயம் நெகட்டிவ் என்பதால் பி இல்லை என்று முடிக்காதீர்கள். வைரஸ் இருந்த செல்களையே நோயெதிர்ப்பு அழித்திருக்கும். ரத்தத்தில் கோர் ஐஜிஎம் (வைரஸின் கோர் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி) பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.